பில் புத்தகத்தின் பின்பக்கம்

செத்துப்போன போட்டோக்கொப்பி இயந்திரத்தின்
வயிற்றிலிருந்து கழற்றிய வில்லை இது.
மல்லாவிச் சந்தியில், என் கடையில்,
பதினொரு வருடம் தாள்களை மட்டுமே பார்த்த கண்.
குடும்ப அட்டை, காணிப் பெர்மிட்,
பசளை மானியப் படிவம்,
மூலையில் படம் குத்தி
மூன்று பிரதி, ஐந்து பிரதி என்று கேட்ட கடிதங்கள்.
பக்கம் ஐந்து ரூபாய். பிறகு பத்து. பிறகு இருபது.

இப்போது அது பிவிசி குழாயின் நுனியில்,
சைக்கிள் ட்யூப்பால் இறுக்கிய கட்டோடு
காவல் கொட்டிலின் குறுக்குத்தடியில் சாய்ந்திருக்கிறது.

பகலில் ஒருமுறை சோதித்தேன்.
வவுனிக்குளக் கட்டின் மருதமரங்கள்
வானத்திலிருந்து கீழே தொங்கின.
ஒரு கொக்கு தலைகீழாக நின்று
மீனுக்குக் காத்திருந்தது.
பரவாயில்லை,
வியாழனுக்கு எது மேல், எது கீழ்.

காலபோகம் வெட்ட இன்னும் பன்னிரண்டு நாள்.
யானைக்கும் அது தெரியும்.
அடுத்த வயல் யோகரதி
நாலு வெடியும் சிரட்டையில் தணலுமாக
வரம்பால் வந்தாள்.
"இதென்ன, தண்ணிப் பைப்போ?"
"கண்ணை வையுங்கோ."
வைத்தாள். மூச்சுப் பட்டு மங்கியது.
துடைத்துக் கொடுத்தேன்.
"மஞ்சளா ஒரு பொட்டு. பக்கத்திலை
வரிசையா மூண்டு குறுணி."
"நாலு இருக்கு."
"மூண்டுதான்."
"நாலாவது பின்னாலை நிக்குது. பேர் ஐயோ."
"ஐயோவோ?"
"ஐயோதான். வெள்ளைக்காரன் வைச்ச பேர்.
அவனுக்கு அர்த்தம் தெரியாது."
சிரித்தாள். இருட்டில் சிரிக்க
அவளிடம் தனியாக ஒரு சத்தம் உண்டு,
வாய்க்காலில் தண்ணீருக்கு முன்னால் வரும் காற்றைப் போல.

டோர்ச்சைக் கைக்குள் பொத்தி
பில் புத்தகத்தின் பின்பக்கத்தைக் காட்டினேன்.
ஐயோ, நிழலிலிருந்து வெளியே, இரவு 10.52.
"நிமிசக் கணக்கிலையோ?"
"நிமிசக் கணக்கிலை."
"ஆர் சொன்னது?"
"கணக்குப் பாத்தவங்கள்."

அந்த எழுத்தை அவள் விரலால் தடவினாள்.
அவளுடைய கடிதத்தை ஏழு தடவை
பிரதி எடுத்துக் கொடுத்தவள் நான்,
இதே வில்லையால்.
பிரதியின் பிரதியில் பையனுக்கு
மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.
"எனக்கு ஒருத்தரும் நேரம் எழுதித் தரேல்லை" என்றாள்,
பசளை வரேல்லை என்று சொல்லும் அதே குரலில்.

10.40.
தெற்கே பத்மசீலன் தகரம் தட்டத் தொடங்கினான்.
இருட்டில் ஒரு துண்டு நகர்ந்தது.
பிறகு இன்னொரு துண்டு.
யோகரதி குனிந்து
திரியைத் தணலில் பிடித்தாள்.
வெடி. நாய்கள். புகை. வெடி.
நான் குழாயைக் கழற்றி
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.
சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது,
நெல்லைப் பற்றி நினைக்கவேயில்லை.
யானைகள் அவசரப்படவில்லை.
மென்றுகொண்டே காட்டுக்குத் திரும்பின.
கால் பரப்பு போயிற்று, அவளுடைய பக்கத்தில்.

புகை கலைந்து, குழாயைத் திரும்பக் கட்டி,
வியாழனைத் தேடிப் பிடிக்கும்போது 11.07.

நாலு.

விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி,
வந்து சேர்ந்தது போலவே இல்லை,
எப்போதும் அங்கேயே நின்றது போல.
"எப்ப வந்தது?"
"தெரியேல்லை."

அவள் கண்ணை எடுக்கவில்லை.
வியாழன் நழுவ நழுவக்
குழாயை எந்தப் பக்கம் தள்ள வேண்டுமென்று
நான் சொல்லாமலே பிடித்துக்கொண்டாள்.
என் முறை வரவேயில்லை.
தணல் சாம்பல் பூத்தது.
பனி இறங்கிப் பக்கங்கள் நமுத்திருந்தன,
பேனை இரண்டு தடவை வழுக்கியது.

ஐயோ: வந்தது. நேரம் பார்க்கப்படவில்லை.
யானை இரண்டு.
மேகம் இல்லை.